கன்னியம்மாளின் சோறு

போன மாதம் ஒரு சிநேகிதியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வார்டில் இளவயது நர்ஸ் ஒருத்தி கிண்ணத்தில் இருந்த சிறுநீரில் ஒரு காகிதத் துண்டை நனைத்தெடுத்து, பெட்டியின் மேல் அச்சடித்திருந்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் ஓய்வு பெற்ற நர்ஸ் என்று தெரிந்ததும் திரும்பி வந்து, உங்கள் காலத்தில் இதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். இன்சுலின் ஊசி மருந்து வருவதற்கு முன்னால் இந்த நோயாளிகளுக்கு என்னதான் செய்தீர்கள் என்றும் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஐரோப்பாவில் முதல் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தரை துடைத்தேன், பாத்திரங்களைக் கொதிக்க வைத்தேன், கட்டுத் துணி சுருட்டினேன், திட்டு வாங்கினேன். பயிற்சி முடிந்ததும் ராயபுரத்தில் பெண்களுக்கென்று நடந்துவந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் துறைமுகத்துக் கரித்தூள் வந்து படுக்கை விரிப்பில் உட்காரும். உதறிக்கொண்டே இருப்போம்.

அங்கே எனக்கு மேல் இருந்தவர் அன்னம்மாள் டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேச மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முகம் பார்க்கும் உயரத்தில் உட்கார்ந்துகொள்வார். பேசும்போது கையில் பேனா இருக்காது. வயதான பெண்கள் யார் வந்தாலும், எந்த நோயென்று வந்தாலும், ஒரே கேள்வியில்தான் தொடங்குவார். நேற்றுக் காலையில் எழுந்ததும் முதலில் வாயில் பட்டது என்ன? அங்கிருந்து ராத்திரி படுக்கும் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவார்.

இனிப்பு சாப்பிடுவீர்களா என்று மட்டும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். குழம்பில் இருந்த மீன் யார் தட்டுக்குப் போயிற்று, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், நீங்கள் உட்காரும்போது சட்டியில் மிச்சம் என்ன இருந்தது என்று கேட்பார். பெண்கள் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். மீன் ஆண்களுக்கு, கறி பிள்ளைகளுக்கு. தனக்குச் சோறும் அடிக்குழம்பும். கீரை கொஞ்சம் இருந்தால் அதையும் மருமகளுக்கு வைத்துவிட்டு, வெறும் சோற்றை இன்னும் ஒரு கரண்டி போட்டு வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள்.

தெற்கிலிருந்து வந்து மொத்தக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்களும் வருவார்கள். அவர்களிடம் விரத நாட்களைப் பற்றிக் கேட்பார். காலையெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் பாயசமும் அப்பமுமாக விரதம் முடிக்கும் வழக்கம் அப்படித்தான் வெளியே வரும்.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஞானம், சர்க்கரை தின்னாத்தான் சர்க்கரை வியாதின்னு எல்லாரும் நினைக்காங்க. ஐம்பது வயசுல வேலையை நிறுத்தி உட்கார வச்சு, தட்டு நிறையச் சோத்தைப் போட்டு மரியாதை செய்யுறோமே, அதைப் பாரு."

இந்த நோய் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் அதன் முதல் அறிகுறியைச் சொல்லவே மாட்டார்கள். சொல்லக் கூசும் இடத்தில் அரிப்பு என்று மருமகளிடமோ மகளிடமோ சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். டாக்டர் அதை என்னைத்தான் கேட்கச் சொல்வார். திரையை இழுத்துவிட்டு, முதுகைத் தேய்த்துவிடுகிற சாக்கில் நான் கேட்பேன்.

பிறகு சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஒரு சின்னக் கரண்டி அளவுக்கு ஊற்ற வேண்டும். அதில் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாயைக் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் தப்பான நிறம் காட்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை கொஞ்சம். மஞ்சள் அதைவிட அதிகம். செங்கல் நிறத்தில் வண்டலாக அடியில் தங்கினால் மிக அதிகம். டாக்டர் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுப்பார்.

கன்னியம்மாளின் குழாய் அப்படிச் செங்கல் நிறத்தில்தான் வந்தது.

கன்னியம்மாளுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் குடியிருந்தாள். இளம் வயதில் புருஷனை இழந்து, துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்து ஒரே பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை ஏழுமலை வளர்ந்து, ரங்கூனிலிருந்து வரும் அரிசி மூட்டைகளை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியானான். ஆன அன்றே அம்மாவைக் கூடையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிச் சோறு மூன்று வேளையும், நடுவில் வெல்லம் போட்ட காப்பி. பார்க்கிறவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண்ணோடு வந்தாள். கிளிஞ்சல் குத்தியதாம். இந்த நோயில் கால் மரத்துவிடும், குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மருமகள் பவுனம்மாதான் கண்டுபிடித்தாள். மஞ்சள் வைத்துக் கட்டியும் ஆறாமல் மழைக்காலம் முழுவதும் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இந்தப் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், அதற்கும் நிற்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று அவளிடமே சொன்னார்.

அந்த நாளில் எங்களிடம் இருந்த ஒரே மருந்து பட்டினி. ஊசி மருந்தைப் பற்றி டாக்டர் சீமைப் பத்திரிகைகளில் படித்திருந்தார். எங்கள் வார்டுக்கு அது வந்து சேர்ந்தது பின்னால்தான். நோயாளியைப் படுக்க வைத்து, சர்க்கரை போடாத காப்பியும் தெளிந்த ரசமும் மட்டும் கொடுப்போம். குழாயில் நீலம் மாறாமல் நிற்கும் வரைக்கும் அதுதான். பிறகு கீரை. அதையும் ஒரு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்துக் கொட்டி, மூன்றாம் தடவையும் வேகவைப்பேன். கடைசியில் நிறமும் வாசனையும் போய் ஈரத் துணி மாதிரி இருக்கும். கொஞ்சம் உப்பும் மிளகும் போடுவேன். முதல் தடவை அதைச் செய்தபோது, நோயாளிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எனக்கும் ஒரு கிண்ணம் தனக்கும் எடுத்து வைக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தோம். அதற்குப் பிறகு அந்தக் கீரையைத் தள்ளிவிட்ட எந்த நோயாளியையும் நான் கடிந்துகொண்டதில்லை.

மற்றப் பெண்கள் இரண்டாம் நாளே அழுவார்கள். கன்னியம்மாள் அழவில்லை.

"பட்னி எனக்கு புச்சா நர்சம்மா?" என்று கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீலம் நின்றது. புண்ணின் ஓரம் சிவந்து புதுச் சதை பிடிக்க ஆரம்பித்தது. காலையில் கட்டு மாற்றும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் பவுனம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, இனி சாப்பாடு எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். சோறு மதியம் ஒரு கைப்பிடி. காலையில் சின்ன உருண்டை கேழ்வரகுக் களி, ராத்திரியும் அதேதான். கீரை நிறைய, மீன் ஒரு துண்டு கட்டாயம். வெல்லம் கூடாது. கேழ்வரகும் மாவுதான், மருந்து என்று நினைத்து அள்ளிப் போட்டுவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார். சும்மா உட்காராமல் காலையிலும் மாலையிலும் வீட்டைச் சுற்றி நடக்கட்டும் என்றார்.

பவுனம்மா தலையாட்டினாள். கன்னியம்மாளின் முகம் மாறிவிட்டது. பட்டினியைப் பொறுத்தவளுக்குக் களி என்றதும் பொறுக்கவில்லை. டாக்டர் எழுந்து போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கரி கூட தூக்கசொல்லோ, ஒரு நாளிக்காவது வவுறு ரொம்ப வெள்ள சோறு துன்ன மாட்டமான்னு ஏங்கிகினு கெடந்தவ நானு. கேவுரு கூழ குட்ச்சி குட்ச்சி அந்த வாசனையே எனக்கு ஆவாது. இப்போ எம்புள்ள மூட்ட மூட்டயா அரிசி எறக்கறான். அத்த பாத்துகினு நான் மறுபடியும் களி துன்னணுமா? கால வோணா எட்த்துக்கோ நர்சம்மா."

கட்டை இறுக்கிக் கட்டி அனுப்பி வைத்தேன்.

வாரத்துக்கு ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் வேலையை டாக்டர் என்னிடம் கொடுத்தார். நான் போகும்போதெல்லாம் பவுனம்மா சட்டியைத் திறந்து காட்டுவாள். களி சொன்ன அளவில் இருக்கும். கீரை இருக்கும். தனக்கு மீன் வைத்துக்கொள்ளாமல் மாமியாருக்கு வைத்திருப்பாள். ஆனால் புண் மறுபடியும் கசிய ஆரம்பித்தது. கொண்டுவந்த சிறுநீரைச் சோதித்தால் மஞ்சள். அடுத்த தடவை செங்கல்.

தெருவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பவுனம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மேஸ்திரி வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும்போது, பெற்று வளர்த்த கிழவிக்குக் கூழ் ஊற்றுகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமியாரைப் பட்டினி போட்டுக் கொல்லத்தான் ஆஸ்பத்திரிக்காரியோடு சேர்ந்து நடிக்கிறாள் என்றும் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஏழுமலையின் காதுக்கும் போயிற்று. வேலை செய்கிற இடத்தில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள்.

அவன் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். நல்ல உயரம், தோளெல்லாம் அரிசிமாவு. டாக்டர் அவனையும் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. அம்மாவைப் பட்டினி போடவா ஆஸ்பத்திரி நடத்துகிறீர்கள் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். டாக்டர் அவன் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, உங்கள் அம்மாவுக்கு இரண்டு காலும் இருக்க வேண்டும் என்றுதான் நானும் பார்க்கிறேன், அடுத்த வாரம் வீட்டாரை அழைத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம் என்றார். அவன் திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் பவுனம்மாதான் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். நான் கன்னியம்மாளின் சிறுநீரைக் கொதிக்க வைத்தேன். குழாயின் அடியில் செங்கல் நிறம் கனமாக உட்கார்ந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, முக்காலியைப் பவுனம்மாவின் முன்னால் இழுத்துப் போட்டார். கன்னியம்மாள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நேற்றுக் காலையில் மாமியார் வாயில் முதலில் பட்டது என்ன என்று டாக்டர் கேட்டார். பவுனம்மா சொன்னாள். மதியம்? சொன்னாள். ராத்திரி? அதையும் சொன்னாள். இவ்வளவுதானா என்று டாக்டர் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் பவுனம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் இன்னா பண்ணுவேன் டாக்டரம்மா? தெருவுல பட்னி போடறேன்றாங்க. இங்க சோறு போடறேன்றீங்க. ரெண்டு பக்கமும் நான்தான் கெட்டவளா கீறேன்."

சொல்லும்போது முந்தானை விலகியது. கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போது பெஞ்சிலிருந்து கன்னியம்மாள் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "அவ போடல. எதிர்வூட்டுல துன்றேன். பக்கத்து வூட்டுலயும் துன்றேன். ஐயோ பாவம்னு கூப்ட்டு போடறாங்க. பாயசம்கூட குட்த்தாங்க. எம்புள்ளைக்கு அது தெரியாது. களி மட்டுந்தான் குட்க்கறான்னு நான்தான் அவன்கிட்ட சொல்லி அழுதேன்."

பவுனம்மா திரும்பி மாமியாரைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் அன்று யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கன்னியம்மாளின் காலைத் தானே தூக்கித் தன் மடியில் வைத்து, புண்ணைக் கழுவிக் கட்டினார். நான் செய்கிறேன் என்று போனபோது கையால் தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவுக்குப் போனது ஒரு காலை நேரம். குழாயில் தண்ணீர் வரும் நேரம், பெண்கள் குடத்தோடு கூடியிருந்தார்கள். கன்னியம்மாள் உள்ளே இல்லை. தெருப்பக்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் களி உருண்டையும் கீரையும் ஒரு துண்டு மீனும். எல்லாரும் பார்க்கும்படி கையில் எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். களியை விழுங்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது என்பது தொண்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

எதிர்வீட்டுப் பெண் வழக்கம்போல, நம் வீட்டுக்கு வாயேன், ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போ என்று கூப்பிட்டாள். கன்னியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இத்த எம்மருமவ குட்க்கல, நானா கேட்டு துன்றேன். உயிரோட இருக்கணும்னு துன்றேன். இன்மே எவளாச்சும் அவள பத்தி ஒண்ணு பேசணும்னா, இங்க வந்து என் மூஞ்ச பாத்து பேசு."

அவள் மறுபடி தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே பவுனம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் கட்டு மாற்றிவிட்டு வந்தேன்.

ஏழுமலையிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவன் பிறகு ஒருமுறை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, மீன் கூடை ஒன்றை வைத்துவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை. பவுனம்மாவின் முகத்தில் அதற்கப்புறம் வீக்கம் எதையும் நான் பார்க்கவில்லை.

புண் ஆறியது. விரல் தப்பியது. கன்னியம்மாள் அதற்குப் பிறகு சில வருடங்கள் நன்றாகவே இருந்தாள். மாதம் ஒருமுறை ராயபுரத்துத் தெருக்களில் நடந்தே வந்து சோதித்துக்கொண்டு போவாள். குழாயில் நீலம் நின்றால், எனக்கு முன்னாலேயே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவாள். ஒருநாள் தனக்குப் பாயசம் கொடுத்த எதிர்வீட்டுப் பெண்ணையே இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் அரிப்பு இருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று என் காதில் சொன்னாள். அந்தப் பெண்ணின் குழாய் பச்சையாக வந்தது. டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு, நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தார்.

களியின் மேல் கன்னியம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். கடைசிவரைக்கும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமலேதான் சாப்பிட்டாள்.

ஒரு வெயில் காலத்தில் பிடரியில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வந்தால் நாங்கள் எல்லாரும் பயப்படுவோம். பல கண்கள் வைத்துச் சீழ் பிடித்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். டாக்டர் கீறிவிட்டார். நான் உடனிருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பவுனம்மா கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போகவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. ஊசி மருந்து அப்போதும் எங்கள் வார்டுக்கு வந்திருக்கவில்லை. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்க ஆரம்பித்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார். இனி நம் கையில் இல்லை, அவள் என்ன கேட்டாலும் கொடு என்றார். நான் கன்னியம்மாளிடம் குனிந்து, சோறு வேண்டுமா, கொஞ்சம் இனிப்பு வேண்டுமா என்று கேட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அன்று மத்தியானம், துறைமுகத்தில் சாப்பாட்டுச் சங்கு ஊதியபோது அவள் போய்ச் சேர்ந்தாள். ஏழுமலை வந்து, கதவுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டாக்டர்தான் வெளியே போய் அவன் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பவுனம்மா சொல்லியனுப்பியிருந்தாள். நான் போனபோது கூடத்தில் பெரிய வாழையிலை விரித்துப் படையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சோறு குவியலாக இருந்தது. வடை, அப்பளம், வறுத்த மீன், கருவாட்டுக் குழம்பு. பவுனம்மா அடுப்படியில் ஒரு பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சரிசியும் பருப்பும் குழைய வெந்திருந்தது. பக்கத்தில் தட்டில் வெல்லம் தட்டி வைத்திருந்தாள். அதைக் கையில் அள்ளுவதும் மறுபடி தட்டிலேயே போடுவதுமாக இருந்தாள். உறவுக்காரப் பெண்கள் நேரமாகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டாள்.

"வெல்லம் போடட்டுமா நர்சம்மா? இன்மே அவங்கள ஒண்ணும் பண்ணாதுல்ல?"

ஒன்றும் பண்ணாது, போடு என்றேன். அவள் தட்டில் இருந்த வெல்லம் முழுவதையும் பானையில் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள்.